முட்டுக் கொடுப்பது வேறு, வலுச் சேர்ப்பது வேறு

முதலில் ஒரு கேள்வி. விடையைத் தேடிக் கீழே ஓடாமல், ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தொடருங்கள்.

"ஓர் ஊரில் உள்ள ஜவுளிக்கடை இந்த ஆண்டு முதன்முறையாக அக்டோபர் மாதம் முழுவதும் உள்ளூர் கேபிள் டிவியில் விளம்பரம் கொடுத்தது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களோடு ஒப்பிட்டால் அக்டோபர், நவம்பரில் கடையின் விற்பனை இரண்டு மடங்கானது. ஆகவே விளம்பரம்தான் விற்பனையை உயர்த்தியது."

கீழே உள்ளவற்றில் எது உண்மையாக இருந்தால் இந்த முடிவுக்கு அதிகம் வலுச் சேர்க்கும்?

அ) விளம்பரத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அது அழகாக எடுக்கப்பட்டிருந்தது என்றார்கள்.

ஆ) விளம்பரம்தான் காரணம் என்று கடை முதலாளி உறுதியாக நம்புகிறார், அடுத்த ஆண்டு விளம்பரச் செலவை இரட்டிப்பாக்கப் போகிறார்.

இ) விளம்பரமே கொடுக்காத சென்ற ஆண்டில், இதே அக்டோபர், நவம்பர் விற்பனை அதற்கு முந்தைய இரண்டு மாதங்களைவிடக் கால் பங்குதான் கூடியது.

ஈ) பெரிய ஊர்களில் உள்ள ஜவுளிக்கடைகள் பலவும் தீபாவளிக்கு விளம்பரம் கொடுக்கின்றன.

உ) இந்த ஆண்டு அதே கடை முதன்முறையாக முப்பது சதவீதத் தள்ளுபடியும் கொடுத்தது.

யோசித்தாயிற்றா? விடை இ.

கிரிட்டிகல் ரீசனிங் பகுதியில் ஸ்ட்ரென்தன் கேள்வி என்று சொல்லப்படுவது இந்த வகைதான். ஜிமேட், எல்சாட், எக்ஸாட், கிளாட் என்று எதை எழுதினாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். வங்கி அதிகாரி தேர்வுகளின் ரீசனிங் பகுதியிலும் இதன் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் உண்டு. இதன் மவுசு கூடிக்கொண்டுதான் போகிறது. 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் வாக்கியப் பிழை திருத்தும் பகுதியைத் தூக்கிவிட்டார்கள். ஆங்கிலப் பகுதியின் 23 கேள்விகளும் இப்போது வாசித்துப் புரிந்துகொள்வதும் கிரிட்டிகல் ரீசனிங்கும்தான். எல்சாட்டில் 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் கிடையாது. மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு, வாதங்களை அலசும் பகுதிகள்.

சரி, இதில் என்ன கஷ்டம்? வலுச் சேர்க்கும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

அங்கேதான் பலரும் விழுகிறார்கள். "வலுச் சேர்" என்றதும், முடிவோடு ஒத்துப்போகிற, முடிவைப் பற்றி நல்லதாகப் பேசுகிற ஆப்ஷனைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். மேலே உள்ள கேள்வியில் அ, ஆ, ஈ மூன்றுமே விளம்பரத்துக்கு வேண்டப்பட்டவை போலப் பேசுகின்றன. இ மட்டும் எங்கோ சென்ற ஆண்டுக் கணக்கைக் காட்டுகிறது. விளம்பரத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கூட இல்லை. ஆனால் வேலை செய்வது அதுதான்.

இந்த வித்தியாசத்துக்குத் தமிழில் இப்போது ஒரு நல்ல சொல் புழங்குகிறது: முட்டுக் கொடுப்பது. தனக்குப் பிடித்த நடிகரின் படமோ, பிடித்த கட்சியோ அடி வாங்கும்போது, கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து நிறுத்துவது. அ, ஆ, ஈ மூன்றும் முட்டு. இ மட்டும்தான் வலு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் ஸ்ட்ரென்தன் கேள்விக்கான முழுப் பாடமும். தேர்வு ஹாலுக்கு வெளியேயும் இந்தப் பாடம் செல்லும்.

இடைவெளி எங்கே?

எந்த வாதத்திலும் இரண்டு பகுதிகள் வெளியே தெரியும்: ஆதாரம், முடிவு. மூன்றாவது ஒன்று வெளியே தெரியாது. ஆதாரத்திலிருந்து முடிவுக்குத் தாவும்போது நடுவில் உள்ள பள்ளம் அது. வாதம் செய்தவர் சொல்லாமலே நம்பிக்கொண்ட விஷயம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஜவுளிக்கடை வாதத்தில் ஆதாரம், விற்பனை இரட்டிப்பானது. முடிவு, விளம்பரம்தான் காரணம். நடுவில் உள்ள பள்ளம், "வேறு எதுவும் காரணமாக இருந்திருக்காது" என்ற நம்பிக்கை. ஆனால் அக்டோபர், நவம்பர் என்றாலே தீபாவளி. விளம்பரமே இல்லாவிட்டாலும் ஜவுளிக்கடையில் கூட்டம் வரும். இந்த வாதத்தின் கழுத்தில் தொங்கும் கத்தி தீபாவளிதான்.

இ என்ன செய்கிறது? சென்ற ஆண்டும் தீபாவளி வந்தது, விளம்பரம் மட்டும் இல்லை, அப்போது உயர்வு கால் பங்குதான் என்கிறது. தீபாவளியால் மட்டும் இரண்டு மடங்கு வந்திருக்காது என்று காட்டி, அந்தக் கத்தியை ஓரளவு அகற்றுகிறது. "ஓரளவு" என்பது முக்கியம். இதற்கு மேலும் வேறு காரணங்கள் இருக்கலாம். ஸ்ட்ரென்தன் கேள்வி நிரூபணம் கேட்பதில்லை. முடிவை முன்பைவிட நம்பத்தக்கதாக ஆக்கினால் போதும்.

மற்றவற்றைப் பாருங்கள். விளம்பரம் அழகாக இருந்தால் கடைக்கு ஆள் வந்ததாக அர்த்தமில்லை. முதலாளி நம்புவது, முடிவையே இன்னொருவர் வாயால் திரும்பச் சொல்வது. பெரிய ஊர்க் கடைகள் விளம்பரம் கொடுக்கின்றன என்பதால் அதற்குப் பலன் கிடைத்தது என்று ஆகிவிடாது. உ எதிர்க்கட்சி, தள்ளுபடி என்ற இன்னொரு காரணத்தைக் கொண்டுவந்து வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது. அவசரத்தில் "விற்பனை கூட இதுவும் உதவியிருக்கும்" என்று நினைத்து உ-வை டிக் செய்பவர்களும் உண்டு. முடிவு "விற்பனை உயர்ந்தது" என்பது இல்லை, "விளம்பரத்தால் உயர்ந்தது" என்பது. முடிவைச் சரியாகப் படிக்காமல் வலுச் சேர்க்கப் போனால் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலை பார்த்த கதைதான்.

ஓட்டு வீட்டில் மழைக்கு ஒழுகினால், முன்பக்கச் சுவருக்கு வெள்ளையடித்துப் பிரயோஜனமில்லை. எந்த ஓடு உடைந்திருக்கிறது என்று தேடி அதை மாற்ற வேண்டும். வலுச் சேர்ப்பதும் அப்படித்தான். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாதவரால் வலுச் சேர்க்க முடியாது.

லண்டனில் ஒரு குழாயடி

இது வெறும் தேர்வுத் தந்திரம் இல்லை என்பதற்கு 1854-இல் லண்டனில் நடந்ததைப் பார்க்கலாம். கிரிட்டிகல் ரீசனிங் புத்தகம் எதையும் படிக்காத ஒரு மருத்துவர் செய்த வேலை அது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. சில வாரங்களில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட காற்றுதான் காலராவுக்குக் காரணம் என்பது அன்றைய பெரும்பாலான மருத்துவர்களின் நம்பிக்கை. ஜான் ஸ்னோ என்ற மருத்துவரோ, தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்றார். பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பின் மீது அவருக்குச் சந்தேகம்.

இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தால், அந்தப் பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. இந்த வரைபடம் இன்று உலகப் புகழ் பெற்றது. ஆனால் கொஞ்சம் யோசித்தால், கெட்ட காற்றுக் கட்சிக்காரரும் இதே வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். "அந்தத் தெருவில் காற்று மோசம், அதனால் அங்கே குவிந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டு கட்சிக்கும் பொருந்துகிற ஆதாரம் எந்தக் கட்சிக்கும் பெரிய வலு இல்லை.

ஸ்னோவுக்கு வலுச் சேர்த்தவை வேறு மூன்று விஷயங்கள்.

ஒன்று. அருகில் போலந்து தெருவில் ஓர் ஏழைகள் விடுதி. சுற்றிலும் சாவு விழுந்த வீடுகள். ஆனால் விடுதியில் இருந்த 535 பேரில் காலராவால் இறந்தது ஐந்தே பேர். அவர்களுக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருப் பம்புக்குத் தண்ணீர் எடுக்க அவர்கள் வருவதே இல்லை.

இரண்டு. அதே பிராட் தெருவில், பம்புக்குப் பக்கத்திலேயே ஒரு பீர் ஆலை. எழுபது பேருக்கு மேல் வேலை செய்தார்கள். ஒருவர் கூடக் காலராவால் இறக்கவில்லை. அவர்களுக்குக் குடிக்க ஆலையிலேயே பானம் கிடைத்தது. ஆலைக்குள் தனிக் கிணறும் உண்டு. தெருப் பம்பை அவர்கள் தேடிப் போகவில்லை.

மூன்று. சில மைல் தள்ளி, காலராவே இல்லாத ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு வயதான பெண்மணி காலராவால் இறந்தார். அவர் முன்பு பிராட் தெருவில் வசித்தவர். அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போனதால் தினமும் வண்டியில் ஒரு பாட்டில் வரவழைத்துக் குடித்து வந்தார். அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும் ஊர் திரும்பி இறந்தார்.

முதல் இரண்டிலும் காற்று அதேதான், அந்தத் தண்ணீர் இல்லை, நோய் கிட்டத்தட்ட இல்லை. மூன்றாவதில் காற்று வேறு, தண்ணீர் அதே, நோய் உண்டு. கெட்ட காற்றுக் கட்சி இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் திணற வேண்டும். ஸ்னோ தன் பக்கத்துக்கு ஆதாரத்தைக் குவித்துக்கொண்டு உட்காரவில்லை. எதிராளியின் விளக்கம் எங்கே உடையும் என்று தேடிப் போனார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இன்னொன்றையும் சேர்ப்பார்கள்: செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள், காலரா நின்றது, ஸ்னோ ஜெயித்தார் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே நோய் வெகுவாகக் குறைந்துவிட்டிருந்தது. மக்கள் பயந்து ஊரைக் காலி செய்திருந்தார்கள். இதை ஸ்னோவே எழுதி வைத்திருக்கிறார். தன் முடிவுக்குச் சாதகமாகப் பயன்படக்கூடிய ஓர் ஆதாரத்தை, அது வலுவில்லாதது என்று அவரே ஒதுக்கிவைத்தார். முட்டுக் கொடுப்பவர் இதைச் செய்யவே மாட்டார்.

அவருடைய அடுத்த வேலை இன்னும் பெரியது. தெற்கு லண்டனில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள் ஒரே தெருக்களில் போட்டி போட்டுக் குழாய் பதித்திருந்தன. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி நகரத்துக் கழிவு கலந்த இடத்தில் தேம்ஸ் தண்ணீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் நீரேற்றும் இடத்தை நகரத்துக்கு மேலே, சுத்தமான பகுதிக்கு மாற்றியிருந்தது. ஒரு வீட்டுக்கு இந்தக் கம்பெனி, அடுத்த வீட்டுக்கு அந்தக் கம்பெனி. பணக்காரர், ஏழை, காற்று, தெரு எல்லாம் கலந்து கிடந்தது. தண்ணீர் மட்டும்தான் வேறு.

1854 காலராவின் முதல் ஏழு வாரங்களில் முதல் கம்பெனியின் 40,046 வீடுகளில் 1,263 பேர் இறந்தார்கள். இரண்டாவது கம்பெனியின் 26,107 வீடுகளில் 98 பேர். ஸ்னோ இந்த மொத்த எண்களோடு நிற்கவில்லை. வீடுகளின் எண்ணிக்கையே வேறு என்பதால், பத்தாயிரம் வீட்டுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டார்: 315-க்கு 37. காமர்ஸ் மாணவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். லாபத்தை மட்டும் பார்க்காமல் முதலீட்டின் மீது எத்தனை சதவீதம் என்று பார்ப்பது போல.

இவ்வளவுக்குப் பிறகும் அன்றைய சுகாதார வாரியத்தின் குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. 1858-இல் ஸ்னோ இறந்துபோனார். ராபர்ட் காக் காலராக் கிருமியை அடையாளம் காட்டியது 1883, 84-இல்தான். வலுவான வாதம் உடனே ஜெயித்துவிடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆனால் நிலைத்து நின்றது அதுதான்.

மடைப்பள்ளியும் மடுவும்

இதெல்லாம் மேற்கத்திய சரக்கு என்று நினைக்க வேண்டாம். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக் கொடுக்கிறார். அங்கே வரும் உதாரணம் இந்தியத் தருக்க மரபு முழுக்க வருவதுதான்: மலையில் புகை தெரிகிறது, ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது.

இந்த முடிவுக்கு எப்படி வலுச் சேர்ப்பது? இரண்டு வகை உதாரணம் கேட்டார்கள். புகையும் நெருப்பும் சேர்ந்து இருக்கும் இடம் ஒன்று, சமையலறை. நெருப்பும் இல்லை புகையும் இல்லை என்று காட்டும் இடம் ஒன்று, நீர் நிறைந்த மடு. முதலாவது அன்வயம், இரண்டாவது வெதிரேகம். இருக்கும் இடத்தில் இருக்கிறது என்பது பாதி வேலை. இல்லாத இடத்தில் இல்லை என்பது மீதிப் பாதி. ஸ்னோவின் பீர் ஆலை அப்பட்டமான வெதிரேகம். ஜவுளிக்கடையின் "விளம்பரம் இல்லாத சென்ற ஆண்டு" கூட வெதிரேகம்தான்.

முட்டுக் கொடுப்பவர்கள் எப்போதும் அன்வயத்தில் நின்றுவிடுவார்கள். "அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது" என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இல்லாத இடத்தைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டால் கோபம் வரும் :)

எண்ணிக்கை வலு ஆகாது

காரணம் சொல்லும் வாதங்கள் ஒரு வகை. சர்வே எடுத்து முடிவு சொல்லும் வாதங்கள் இன்னொரு வகை. இங்கே பள்ளம் வேறு இடத்தில் இருக்கும்: கேட்கப்பட்டவர்கள் எல்லோரையும் போன்றவர்கள்தானா?

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சியின் லாண்டன் ஜெயிப்பார் என்றது. நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். பத்திரிகை பெயர்களை எடுத்தது தொலைபேசி, கார் வைத்திருப்பவர்களின் பட்டியல்களிலிருந்து. பொருளாதார மந்தக் காலத்தில் அவர்கள் வசதியானவர்கள். போதாததற்கு, மெனக்கெட்டுச் சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களைப் போன்றவர்கள் இல்லை.

இதைத் தேர்வுக் கேள்வியாக மாற்றினால், "மேலும் பத்து லட்சம் சீட்டுகள் வந்தன, அவையும் லாண்டனுக்கே" என்ற ஆப்ஷன் நிச்சயம் இருக்கும். பலர் அதை டிக் செய்வார்கள். அதே பட்டியலிலிருந்து வந்த பத்து லட்சத்தால் ஒரு பலனும் இல்லை. "சீட்டை அனுப்பாதவர்களில் சிலரை நேரில் கேட்டபோது அவர்களும் இதே விகிதத்தில் பதில் சொன்னார்கள்" என்று ஒரு ஆப்ஷன் இருந்தால், அது வலு.

மூன்றாவது வகை, திட்டம். "இதைச் செய்தால் அது நடக்கும்" என்பது வாதம். அங்கே, திட்டத்தை முடக்கக்கூடிய தடை இல்லை என்று காட்டும் ஆப்ஷன் வலுச் சேர்க்கும். பஸ் கட்டணத்தைக் குறைத்தால் பைக்கில் வருபவர்கள் பஸ்ஸுக்கு மாறுவார்கள் என்றால், பஸ்ஸில் இடமும் இருக்கிறது, அவர்கள் போகும் நேரத்துக்குப் பஸ்ஸும் இருக்கிறது என்பவை வலு. பஸ் பயணம் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பது பிரசங்கம்.

குறுக்கு வழிகள் எங்கே கவிழ்க்கும்?

கோச்சிங் வகுப்புகளில் பொதுவாகச் சுற்றும் சில குறுக்கு வழிகள் இந்தக் கேள்வி வகையில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

"எல்லாம், மட்டுமே, ஒருபோதும் போன்ற கடுமையான சொற்கள் உள்ள ஆப்ஷனைத் தள்ளிவிடு" என்பது ஒன்று. பத்தியிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்கும் இன்ஃபரன்ஸ் கேள்விகளில் இது உதவும். அங்கே பத்தி உண்மை. ஆப்ஷன்தான் கூண்டில் நிற்கிறது. ஸ்ட்ரென்தன் கேள்வியில் எல்லாம் தலைகீழ். "உண்மையாக இருந்தால்" என்று கேள்வியே சொல்லிவிடுகிறது. ஆகவே ஆப்ஷன் உண்மை. முடிவுதான் கூண்டில் நிற்கிறது. கடுமையான சொல் இருந்தால் வலு கூடுமே தவிரக் குறையாது.

"பத்தியில் இல்லாத புதிய தகவல் வந்தால் தள்ளிவிடு" என்பது இன்னொன்று. ஏற்கெனவே பத்தியில் இருப்பதைத் திரும்பச் சொன்னால் என்ன வலு சேரும்? பள்ளத்தை நிரப்ப வெளியிலிருந்து மண் கொண்டுவரத்தான் வேண்டும். சரியான விடை பெரும்பாலும் புதிய தகவலாகத்தான் இருக்கும்.

"நிஜ வாழ்க்கையில் இது நடக்குமா?" என்று ஆப்ஷனோடு மல்லுக்கு நிற்பது மூன்றாவது. அதற்குத் தேர்வில் நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை.

உருப்படியான வழி சுருக்கமானது. முடிவைக் கண்டுபிடி. ஆதாரம் எது என்று பார். ஆப்ஷன்களைப் படிக்கும் முன்பே, "இது எல்லாம் சரியாக இருந்தும் முடிவு எப்படித் தப்பாகலாம்?" என்று கேள். கிடைக்கும் பதிலை எந்த ஆப்ஷன் அடைக்கிறது என்று தேடு. இரண்டு நிமிடத்துக்குள் இது முடியுமா என்றால், முதல் ஐம்பது கேள்விகளுக்கு முடியாது. பிறகு கண் பழகிவிடும்.

இது வக்காலத்துப் பயிற்சிதானே?

ஓர் ஆட்சேபம் உண்டு, நியாயமானதும் கூட. "முடிவு சரியா தப்பா என்றே கேட்காமல், கொடுத்த முடிவுக்கு வலுச் சேர்க்கப் பழக்குவது, யாருக்கு வேண்டுமானாலும் வாதாடும் ஆட்களை உருவாக்காதா? நாளைக்கு இவர்கள் கம்பெனியில் சேர்ந்து, முதலாளி சொன்னதற்கெல்லாம் பவர்பாயிண்ட் போட மாட்டார்களா?"

போடுவார்கள், குறுக்கு வழியில் படித்திருந்தால். ஆனால் ஒழுங்காகப் படித்தவருக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. வலுச் சேர்க்க வேண்டுமென்றால் பலவீனம் எங்கே என்று முதலில் பார்த்தாக வேண்டும். பார்த்ததைப் பார்க்காதது போல் இருக்க முடியாது. ஸ்ட்ரென்தன் கேள்வியும் வீக்கன் கேள்வியும் ஒரே பள்ளத்தின் இரு கரைகள். ஒன்றில் தேறியவர் மற்றதிலும் தேறியிருப்பார். தன் கட்சியின் ஓட்டையை எதிர்க்கட்சிக்கு முன்பே பார்த்துவிடும் கண்ணை இந்தப் பயிற்சி கொடுத்துவிடுகிறது.

அந்தக் கண் எங்கே தேவைப்படும்? கல்லூரி வாசலிலேயே தேவைப்படும். ஒரு கோச்சிங் சென்டரின் பேனரில் வெற்றி பெற்றவர்களின் முகங்கள் வரிசையாக இருக்கின்றன. முடிவு, "இங்கே படித்தால் ஜெயிக்கலாம்". ஆதாரம், ஜெயித்த முகங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள்? இந்த முகங்கள் முழு வருடமும் படித்தவர்களா, கடைசியில் மாதிரி நேர்முகத்துக்கு மட்டும் வந்தவர்களா? பேனரில் இன்னும் இருபது முகங்களைச் சேர்த்தாலும் இந்தப் பள்ளம் அப்படியேதான் இருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வெற்றி பெற்றவர் எந்தக் கோர்ஸில் படித்தார் என்பதையும் விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒரு ஸ்ட்ரென்தன் கேள்வியை அரசாங்கமே கேட்டது போல!

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. பி.காம் வகுப்புகளில் யாராவது ஒருவர் போனில் ஆப்ஷன்ஸ் டிரேடிங் லாப ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டாத வாரம் குறைவு. டெலிகிராமில் சேரு, கோர்ஸ் வாங்கு, பார், பத்துப் பேர் லாபம் எடுத்திருக்கிறார்கள் என்று பேச்சு. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு என்ன சொன்னது? 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ பிரிவில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு கோடியில் மீதி 7 சதவீதம் என்றால் ஏழு லட்சம் பேர். கோர்ஸ் எதுவும் உபயோகமில்லாத குப்பை என்றே வைத்துக்கொண்டாலும், ஏழு லட்சம் பேரில் பத்து ஸ்க்ரீன்ஷாட் தேற்றுவது ஒரு வேலையா? பத்து இல்லை, நூறு காட்டினாலும் முட்டுதான். "இந்தக் கோர்ஸில் சேர்ந்த ஒருவர் விடாமல் எல்லோருடைய கணக்கும் இதோ, சேராதவர்களைவிட இவ்வளவு வித்தியாசம்" என்று காட்டினால் வலு. அப்படி ஒரு கணக்கைக் கேட்டுப் பாருங்கள். குரூப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

அப்பாவின் சேமிப்பு, கல்விக் கடன், தேர்வுக்காகச் செலவிட்ட ஒரு வருடம், எல்லாமே ஏதோ ஒரு வாதத்தை நம்பித்தான் போடப்படுகின்றன. அந்த வாதங்களுக்குக் கீழே அ, ஆ, இ, ஈ, உ என்று ஆப்ஷன் அச்சடித்து யாரும் தருவதில்லை. ஆகவே மாக் டெஸ்டில் ஒரு ஸ்ட்ரென்தன் கேள்வி தப்பாகிப்போனால், சரியான விடை எது என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம். டிக் செய்த ஆப்ஷன் ஏன் முதலில் பிடித்துப்போனது என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், அது முடிவுக்கு வேண்டப்பட்டவர் போலப் பேசியதால்தான் பிடித்திருக்கும்.